யார் வழியில் வந்தது?

இந்தக் கதை முடியும்போது நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் கேளுங்கள்.

பண்ருட்டிக்கு வெளியே லாரி எடைமேடை ஒன்றில் வேலை பார்த்தவன் தணிகாசலம். ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடி அறைதான் அவன் இடம். அவனுக்கும் சுகந்திக்கும் கல்யாணமாகி நான்காம் வருஷம் பிறந்தவள் ஆதிரை. ஏழு மாதம்வரை நன்றாகத்தான் இருந்தாள். எட்டாம் மாதம் கண் மஞ்சளானது. வயிறு உப்பியது, கழுத்து நிற்காமல் தொய்ந்தது, அடிக்கடி வலிப்பு வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே குழந்தையின் ரத்தத்தோடு பெற்றவர்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தபோது சுகந்தி குழந்தையை விட்டு நகர முடியாமல் வார்டில் இருந்தாள். தணிகாசலம் மட்டும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனான்.

“உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சக்தி தயாரிக்கிற பகுதி ஒண்ணு இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. பாப்பாவுக்கு அதுலதான் குறை. அதனாலதான் ஈரல் கெட்டிருக்கு” என்றார் டாக்டரம்மா.

“ஈரலை மாத்த முடியாதுங்களா? நான் தரேன்.”

“ஈரலோட நின்னிருந்தா யோசிக்கலாம். மூளைக்கும் போயிடுச்சு.” ரிப்போர்ட்டை அவன் பக்கம் நகர்த்தினார். “உங்க குழந்தைக்கு வந்திருக்கிறது தாய் வழியில மட்டும் இறங்குற வகை. உங்க மனைவி ரத்தத்துலயும் இருக்கு. அவங்க மேல தப்பே இல்ல, அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஆனா அடுத்த குழந்தைக்கும் வரலாம். கூடப் பிறந்த பொண்ணுங்க இருந்தா அவங்களும் சோதிச்சுக்கணும். நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நானே பக்குவமா சொல்றேன்.”

அவன் வார்டுக்குத் திரும்பினான். சுகந்தியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் தாய் அஞ்சலாட்சி. ஒரு மாதமாக மருமகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுவந்த கேள்வியை அவள் இப்போது மகனிடம் கேட்டாள்.

“யாரு வழியில வந்துச்சாம்?”

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த சுகந்தியின் கை நின்றது.

“நம்ம வழியிலதாம்மா. எங்கிட்டேருந்து.”

அஞ்சலாட்சி பார்வையை மருமகளிடமிருந்து எடுத்தாள். “உன் சின்னத் தாத்தாகூடக் காமாலையிலதான் போனாரு” என்று தானாகவே ஒரு சாட்சியைத் தேடி எடுத்தாள். மறுநாள் தணிகாசலம் சுகந்தியை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போகவில்லை; தானே அவளிடம் சொல்லிவிட்டதாக அவரிடம் சொல்லிவைத்தான். ஊர் திரும்பியதும் ரிப்போர்ட்டை எடைமேடை மேசைக்குள் வைத்துப் பூட்டினான்.

பதினோராம் மாதம் ஆதிரை இறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. சுகந்தி அவனைத் தேற்றத் தொடங்கினாள். “தெரிஞ்சா செஞ்சீங்க? மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று தலையைத் தடவிக்கொடுப்பாள். அந்த ஆறுதல் தனக்கு உரியதல்ல என்பதால் அவள் எதிரில் அவனால் அழவும் முடியவில்லை. ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறும் இடைவெளியில், கண்ணாடி அறையில் அழுது முகம் துடைத்துக்கொள்வான்.

சுகந்தியின் தங்கை வாசுகிக்கு விருத்தாசலத்தில் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளிடம் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. தனியாகப் பஸ் ஏறிப்போய் எல்லாவற்றையும் சொன்னான்.

“நீ போய்ச் சோதிச்சுக்கம்மா. ஆனா உங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“சரி மாமா” என்று அழுதுகொண்டே கையில் அடித்துக் கொடுத்தாள். சோதனையில் அவளுக்கும் அது இருந்தது. டாக்டர்களைக் கேட்காமல் பிள்ளை பெறுவதில்லை என்று அவளும் அவள் கணவனும் முடிவு செய்தார்கள்.

ஒரு வருஷம் போனது. இன்னொரு குழந்தை வேண்டும் என்றாள் சுகந்தி. தணிகாசலம் மறுத்தான்.

“உங்க குறையை நானே பெரிசா நினைக்கல. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எடைமேடைக்குக் கிளம்பினான். அதற்குப்பின் அந்த வீட்டில் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். ஒரு நாள் சுகந்தி தங்கைக்குப் போன் செய்து அழுதாள். “எப்படியாவது அவரைச் சம்மதிக்க வெச்சுடுவேன்டி” என்றாள். வாசுகி சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அன்று வேலை முடிந்து வந்தவனிடம் சுகந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அந்த ரிப்போர்ட்டைக் கொண்டாங்க.” மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான். தன் பெயர் இருந்த பக்கத்தைப் பலமுறை படித்தாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. எட்டு நாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பதாம் நாள் நெய்வேலியிலிருந்து உறவுக்காரி ஒருத்தி வந்திருந்தாள். அஞ்சலாட்சி வழக்கம்போல, “எங்க வம்சத்துல வந்த குறை, என்ன பண்றது” என்றாள்.

சுகந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “இல்ல அத்தை. அது என் வழியில வந்தது. எனக்காக இவரு பொய் சொன்னாரு.”

வாசலில் நின்ற தணிகாசலம், தன் தாயின் பார்வை மறுபடியும் மருமகள்மேல் திரும்புவதைப் பார்த்தான். இத்தனை நாள் அவன் ஒற்றையாளாகக் காத்தது ஒரே பேச்சில் போயிற்று.

கணவன் பொய் சொன்னான். தங்கை சத்தியத்தை மீறினாள். மனைவியோ தனக்கிருந்த மறைவைத் தானே விலக்கிப் பழியை ஏற்றாள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வாசுகி செய்ததே சரி. அது சுகந்தியின் உடம்பைப் பற்றிய செய்தி. அதை அவளுக்கே தெரியாமல் வைக்கச் சத்தியம் வாங்கும் உரிமை தணிகாசலத்துக்கு இல்லை. உரிமையில்லாதவன் வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. சுகந்தி செய்தது சரி தவறுக்குள் அடங்காது. தெரிந்த பிறகு அந்த உண்மை அவளுடையது; சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். தணிகாசலம் தாயிடம் சொன்ன பொய்யை மன்னிக்கலாம். மறுநாள் மனைவியை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போகாததுதான் தவறு. ஆனால் அந்த வீட்டில் சுகந்திக்காகத் தவறு செய்யவும் துணிந்தவன் அவன் ஒருவன்தான். உறவுக்காரி வந்துபோன அன்று மாலை கணவனும் மனைவியும் உட்கார்ந்து, முதல் தடவையாக, ஆதிரையைப் பற்றிப் பேசினார்கள்.