மிச்சப் பெட்ரோலைத் தேடிய மூவர்

இந்த வரலாற்றை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளிக்கு எதிரே பெட்ரோல் பங்கில் மேலாளராக இருந்த திரு. எத்திராஜுலு. முதல் மூன்று லிட்டரைத் தம் கையாலேயே அளந்து ஊற்றியவர் அவர். ஆகையால் இதில் ஐயத்திற்கு இடமில்லை.

ஆற்காட்டை அடுத்த எங்கள் ஊரில் மாசிலாமணி, பொன்னுரங்கம், தணிகாசலம் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். தந்தை விட்டுச்சென்ற நெல் ஆலையை ஈடாக எழுதிக்கொடுத்து, ‘தும்பி’ என்னும் புதுவகைக் காருக்கு விற்பனை உரிமை பெற்றார்கள். அதற்குச் சக்கரங்கள் மூன்றே. இருக்கைகள் இரண்டே, அவையும் ஒன்றன்பின் ஒன்று. தொலைவிலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த பறங்கிக்காய். ஆனால் லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும். ஊரிலுள்ள மற்றக் கார்கள் பதினைந்தைத் தாண்டா. ஆவணி முடிவதற்குள் பத்து வண்டிகள் விற்காவிட்டால் ஆலை கம்பெனிக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம்.

கம்பெனி இரண்டு அறிவுரைகளை எழுதியனுப்பியது. முதலாவது: “வழக்கமான கார் வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாதீர்கள்.”

மறுநாளே துணிக்கடை வேதாசலம் வந்தார். அவர் வாங்கினால் ஊரே வாங்கும்.

“வீட்ல அஞ்சு பேருப்பா. இதுல போவலாமா?”

“தாராளமா போவலாங்க,” என்றார் மாசிலாமணி. “நீங்க ஓட்டுறீங்க. ஒவ்வொருத்தரா கொண்டும்போயி வுட்டுட்டு வந்தா நாலே நடை.”

“சக்கரம் நாலு இல்லையே.”

“இருக்குதுங்க,” என்று பொன்னுரங்கம் மாற்றுச் சக்கரத்தை உள்ளிருந்து உருட்டி வந்து வண்டியின் அருகே சாய்த்து வைத்தார்.

கொடுத்த காப்பியைக்கூட முடிக்காமல் வேதாசலம் போய்விட்டார்.

இரண்டாவது அறிவுரை: “மிச்சமாகும் பெட்ரோலை, வாங்குபவர் கண்ணால் காணச் செய்யுங்கள்.”

தணிகாசலம் ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு அறுபது கிலோமீட்டர் ஓட்டித் திரும்பினார். வேறு காராக இருந்தால் நான்கு லிட்டர் குடித்திருக்கும். ஆக, மூன்று லிட்டர் மிச்சம். மூவரும் டேங்கைத் திறந்து பார்த்தார்கள். காலி.

“மூணு லிட்டரு எங்கடா?” என்றார் மாசிலாமணி.

“வழியில ஒழுகிப் போயிருக்குமோ, என்னவோ.”

“ஓட்டுனவன் நீ. உனக்குத் தெரியாம எப்டி ஒழுகும்?”

“சந்தேகமா இருந்தா என் சட்டைய மோந்து பாருண்ணா.”

மோந்து பார்த்தார்கள். வெங்காய பஜ்ஜி வாசனைதான் வந்தது.

இன்னொரு லிட்டர் ஊற்றி, அதே வழியில் தேடிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது காணாமற்போனது ஆறு லிட்டராகியிருந்தது.

“இனிமே தேட வாணாம்,” என்றார் பொன்னுரங்கம். “தேடத் தேட நட்டம் ஏறுது.”

மாசிலாமணி நெடுநேரம் சிந்தித்தார். “வண்டி மிச்சம் பண்ணிச்சா?”

“பண்ணிச்சு.”

“அது வாங்குறவருக்குச் சேர வேண்டியதா?”

“ஆமா.”

“காணோம்னு அவருகிட்ட சொல்ல முடியுமா? நாமதான் கைக்காசு போட்டுக் குடுக்கணும்.”

அவ்வாறே எத்திராஜுலுவிடம் மூன்று லிட்டர் வாங்கி, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, மேசைமேல் வைத்தார்கள். பாதி குடித்த காப்பியின் நினைவிலோ என்னவோ, வேதாசலம் மீண்டும் வந்தார்.

“இது யாருக்குப்பா?”

“வாங்குறவருக்குங்க. அறுபது கிலோமீட்டருக்கு மூணு லிட்டரு. உங்க மிச்சத்த நாங்க வெச்சிக்கினா பாவம்.”

வேதாசலம் மனக்கணக்குப் போட்டார். ஒன்று ஊற்றினால் மூன்று வருகிறது. “சக்கரம் மூணு போதும்பா,” என்றார். “நாலாவது எதுக்கு, தண்டச் சுமை.”

வேதாசலம் வாங்கிய வண்டிக்குக் கோயில் வாசலில் பூசை போட நான்கு எலுமிச்சம்பழங்கள் வந்தன. நான்காவதை ஒரு சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துப் பாரபட்சம் காட்டச் சகோதரர்களுக்கு மனம் வரவில்லை. மேலும் எட்டு வாங்கி, சக்கரத்துக்கு நான்கு வீதம் வைத்து ஏற்றினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போய்க் கோயிலின் செருப்புக் குவியலில் நின்றது.

ஒரே வாரத்தில் பத்தும் விற்றன. ஆலை மீண்டது. பறங்கிக்காய் என்று சிரித்தவர்கள், கொத்துமல்லி வாங்க வேலூர் வரை போய்வந்தார்கள். வேதாசலம் மாதம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினார். கடையைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

கார்த்திகையில் பத்துப் பேரும் மூன்று மாதக் கணக்கோடு வாசலில் நின்றார்கள்.

“வண்டிய ஒரு குத்தம் சொல்ல முடியாது,” என்றார் மாசிலாமணி பெருமையாக. “எவ்ளோ மிச்சம் பண்ணியிருக்குது பாரு.”

அதைக் கொடுப்பதற்காக ஆலையை விற்றார்கள். பத்திரப் பதிவு அலுவலகம் இருபது கிலோமீட்டர். இருக்கை இரண்டு, ஆள் மூன்று. ஆகவே தணிகாசலம் அண்ணன்மாரை ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டு, அவ்வாறே திரும்ப அழைத்து வந்தார். சகோதரர்கள் தங்கள் கடைக்கென வைத்திருந்த தும்பி அன்று ஓடியது நூற்றிருபது கிலோமீட்டர்.

பத்துப் பேருக்கும் பைசா பாக்கியின்றிக் கொடுத்து முடித்தபின், மாசிலாமணி கல்லாவின் முன்னே வந்து நின்றார்.

“இன்னாண்ணா?” என்றார் பொன்னுரங்கம்.

“நம்ம வண்டியும் இன்னிக்கு ஆறு லிட்டரு மிச்சம் பண்ணியிருக்குது. ஊருக்கெல்லாம் குடுத்துட்டு நம்மள நாமே ஏமாத்திக்கலாமா?”

நியாயம்தான் என்று தம்பிகள் ஒப்பினார்கள். மாசிலாமணி கல்லாவின் பின்னே போனார். ஆலை விற்ற பணத்தில் எஞ்சியிருந்ததை எடுத்து எண்ணி மேசைமேல் வைத்தார். முன்னே வந்தார், மறுபடி எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டார். லிட்டர் நூற்று மூன்று ரூபாய் இருபது காசு வீதம், கடை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அறுநூற்றுப் பத்தொன்பது ரூபாய் இருபது காசு.