பல்லக்கு மெத்தையின் சகுனம்

முள்ளிப்பாறை ஜமீன்தார் கலெக்டரிடம் பட்டம் வாங்க மூன்று நாளாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் படி இறங்கும்போதெல்லாம், பல்லக்கு மெத்தையைத் தட்டும் சங்கிலி தும்மிவிடுவான். சகுனம் கெட்டதென்று ஜோசியர் சொல்ல, ஜமீன்தார் உள்ளே திரும்பிவிடுவார்.

நான்காம் நாள், "இன்னொரு தும்மல் கேட்டால் உனக்கு வேலை கிடையாது" என்றார்.

"தூசிதாங்க எஜமான். மெத்தை வெயிலைப் பார்த்து வருஷமாச்சு."

"தூசியாம்! உன் மூக்கே தரித்திரம் பிடித்த மூக்கடா."

சங்கிலி மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டான். மெத்தையை எஜமானின் காலடிக்கே கொண்டுவந்து, மிகுந்த விசுவாசத்தோடு ஓங்கி ஓங்கி அடித்தான். அவன் தும்மவில்லை. ஜமீன்தார் ஏழு முறை தும்மினார்.

ஏழு முறையும் "தீர்க்காயுசு!" என்றார் ஜோசியர்.

"சகுனம் கெட்டதுங்களே. பல்லக்கை உள்ளே விடச் சொல்லட்டுங்களா?" என்றான் சங்கிலி.

இன்றும் போகாவிட்டால் பட்டம் பக்கத்து ஜமீனுக்கு. ஜமீன்தார் மூக்கைச் சிந்தியபடி கத்தினார்: "சகுனமாவது மண்ணாவது! வெறும் தூசியடா!"

"என் மூக்கில ஏறினதும் அதே தூசிதானுங்களே?"

பதில் சொல்ல வாய் திறந்தவருக்கு எட்டாவது தும்மல்தான் வந்தது. ஜோசியர் வானத்தைப் பார்த்தார்.

சங்கிலியின் வேலை தப்பியது. மெத்தை வெயிலுக்குப் போனது. ஜமீன்தார் வெறும் பலகையில் உட்கார்ந்து பட்டம் வாங்கப் போனார்.