சுனையறை ஜன்னல்

வைரவநாதன் முப்பத்திரண்டு வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவர். தாசில்தாராக ஓய்வு பெற்றார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையடி மடத்துக்கு வந்துவிட்டார். அறுபத்தொரு வயதில் சீடர்.

குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு குவாரியில் கல் உடைத்தவர். கல்லுச்சாமி என்றால்தான் ஊருக்குத் தெரியும். போயும் போயும் ஒரு கல்லுடைப்பவரிடமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

மடத்துக்குப் பின்னால் பாறையில் ஒரு சுனை. சுற்றிக் கல்சுவர் எழுப்பி, கதவு வைத்துப் பூட்டியிருந்தார்கள். பங்குனி பிறந்தால் கீழே ஊர்க்கிணறு வற்றிவிடும். அப்புறம் மழை வரும்வரை மடத்தின் பதினோரு பேருக்கும் ஊரின் முப்பது வீட்டுக்கும் அந்தச் சுனைதான். விடிந்ததும் மடத்தில் ஆளுக்கு, ஊரில் வீட்டுக்கு ஒரு குடம். அதற்குமேல் ஊறாது.

சாவி ஒருவர் கையில் ஒரு வருஷம் இருக்கும். ஆனி முதல் தேதி அதை மடத்து அம்மிமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். வேறொருவர் எடுப்பார். ஊருக்கு முதலில் தண்ணீர், மடத்துக்குப் பிறகு, சாவிக்காரர் குடம் எல்லாவற்றுக்கும் கடைசி. சுனையறை ஜன்னலுக்குக் கம்பி மட்டும் உண்டு, கதவு கிடையாது. போகிறவர் வருகிறவர் யாரும் எட்டிப் பார்க்கலாம். இதையெல்லாம் யார் ஏற்படுத்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

போன ஆனியில் வைரவநாதன் சாவியை எடுத்தார். எடுத்த நாளிலிருந்து சுனை ஒழுங்குக்கு வந்தது. பத்துப் பேர் உள்ளே இறங்கிக் கலக்குவதை நிறுத்தினார். குடத்தைப் படியில் வைத்தால் போதும், அவரே வாங்கி நிரப்பிக் கொடுத்தார். சிலர் அடுத்த வீட்டுப் பேரைச் சொல்லி இரண்டு குடம் கொண்டுபோனார்கள். பட்டியல் எழுதினார். பேர் உள்ளவர் நேரில் வர வேண்டும் என்றார். மடத்து அடுப்பு தாமதமாகிறது என்று மடத்துக் குடங்களை விடியும் முன்பே நிரப்பிவைத்தார். தன்னுடையதையும் சேர்த்துத்தான்.

குரங்கு ஒன்று ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுக் கொய்யாத் தோலைத் தண்ணீரில் போட்டது. பலகையால் கதவு செய்து ஜன்னலை அடைத்தார். தாழ்ப்பாள் உள்பக்கம். கல்லுச்சாமி அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வைரவநாதனுக்கு அதுவே பாராட்டாகப் பட்டது.

அந்தக் கோடையில் சண்டை இல்லை. கடைசி வீட்டுக்கும் தண்ணீர் கிடைத்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் அவர் குருவிடம் வந்தார். கையில் தடித்த புத்தகம். கல்லுச்சாமி அம்மி கொத்திக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"அமெரிக்க தேசத்தை நிறுவியவர்களில் ஒரு பெரியவர். அவர் பெயர்..."

"பெயரை வைத்து நான் என்ன செய்ய? சொன்னதைச் சொல்லும்."

"ராஜாவோடு சண்டை போட்டு ஜெயித்தாயிற்று. இனி ஆளப்போவது தங்கள் ஆட்கள்தான். அப்போதும் இவர் நம்பவில்லை சாமி. அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்காதே, பங்கு போடு, ஒருத்தன் செய்வதை இன்னொருத்தன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், தவணை வைத்து இறக்கிவிடு என்கிறார். எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் கட்டித்தான் வைக்க வேண்டுமாம்."

"சரி."

"என்ன சரி? திருடனைக் கட்டலாம். யோக்கியனை எதற்குக் கட்ட வேண்டும்?"

உளி இரண்டு தட்டு தட்டியது.

"புத்தகம் கிடக்கட்டும். உமக்கு எங்கே வலிக்கிறது?"

வைரவநாதன் புத்தகத்தை மூடினார்.

"இன்னும் இருபது நாளில் சாவியை வைக்க வேண்டும். வேலை பாதியில் நிற்கிறது. மேல்பாறையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் தினம் பத்துக் குடம் கூடும். எனக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்களே நான் இருக்கட்டும் என்கிறார்கள். சாவி என்னிடமே இருக்கட்டும் சாமி."

"எத்தனை நாள்?"

"வேலை முடியும்வரை."

"வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?" என்றார் கல்லுச்சாமி. மறுபடி கொத்தத் தொடங்கினார்.

வைரவநாதனுக்குச் சுருக்கென்றது. வேறு பக்கம் திரும்பினார்.

"அந்த மனுஷர் சொல்லி நான் கேட்க வேண்டுமா என்ன? சுதந்திரம், சுதந்திரம் என்று பக்கம் பக்கமாக எழுதினார். வீட்டில் அடிமைகள். சாகும்வரை வைத்திருந்தார்."

உளி நின்றது.

"அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கும்."

"எது சாமி?"

"கையில் அதிகாரம் இருந்தால் மனுஷன் என்ன செய்வான் என்று."

கல்லுச்சாமி கையை நீட்டினார்.

"சாவியைக் கொடும். நாளைக்கு ஒரு நாள் உமாபதி பார்க்கட்டும்."

"உமாபதியா!"

உமாபதி மடத்து நந்தவனக்காரர். பொல்லாதவர் இல்லை. பூச்செடி வாடினால் அழுவார். மனுஷர் வாடினால் கவனிக்க மாட்டார், அவ்வளவுதான்.

"ஒரு நாள்தானே. நீர் நாளைக்கு முத்துவீரன் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடும். அவன் இன்றைக்குப் பனையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறான். பெண்டாட்டி பிள்ளை பெற்று ஒன்பது நாள்."

வைரவநாதன் சாவியைக் கொடுத்தார். இடுப்பில் அது இருந்த இடம் அன்றைக்கெல்லாம் வெறிச்சென்று இருந்தது.

மறுநாள் விடிகாலை முத்துவீரன் வீட்டுக் குடத்தோடு வரிசையில் நின்றார். பின்னால் வந்து நின்றவள் சடச்சி. கீழ்த்தெருக்காரி. வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"என்ன தாசில்தாரய்யா, நீங்களும் வரிசையிலயா? இன்னைக்கு மழை நிச்சயம்."

"முத்துவீரனுக்காக வந்தேன்."

"நல்ல காரியம். குடத்தை அப்படிப் பிடிக்காதீங்க, நழுவும். இடுப்புல வையுங்க. வெட்கப்பட்டா தண்ணி வராது."

முன்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கதவு ஒருக்களித்து இருந்தது. ஒரு கை வெளியே வரும், குடத்தை வாங்கும், உள்ளே போகும். ஜன்னல் பலகை இறுக மூடியிருந்தது. வைரவநாதன் அந்தப் பலகையை வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. நல்ல பலகை. ஒரு இடுக்குக்கூட இல்லை. அவரே நின்று இழைக்கச் சொன்னது.

இருபத்திரண்டு வீடு முடிந்தது. அவர் படியில் குடத்தை வைத்தார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"நான்தான் உமாபதி. முத்துவீரன் குடம்."

"முத்துவீரன் எங்கே? ஆள் நேர்ல வரணும் அண்ணாச்சி."

"அவனுக்குக் கால் ஒடிந்திருக்கிறது!"

"பட்டியல்ல அப்படிப் போடலியே."

"அதை எழுதினதே நான்தான்!"

"அதான் சொல்றேன். உங்க எழுத்துத்தான். நான் ஒரு எழுத்து மாத்தல."

சடச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடியும் சத்தம் வந்தது.

"எப்படியும் தண்ணி தீர்ந்துபோச்சு" என்றார் உமாபதி. "நாளைக்கு வாங்க."

"தீராது. முப்பது வீட்டுக்கும் காணும். திற, நான் பார்க்கிறேன்."

"உள்ளே யாரும் வரக்கூடாது அண்ணாச்சி."

கதவு சாத்திக்கொண்டது. வைரவநாதன் ஜன்னல் பலகையில் ஓங்கித் தட்டினார். தாழ்ப்பாள் அசையவில்லை. கனமான தாழ்ப்பாள். குரங்குக்கென்று தேடி வாங்கியது.

எட்டு வீட்டார் வெறுங்குடத்தோடு நின்றார்கள். சடச்சி இப்போது சிரிக்கவில்லை.

"உள்ளே இவரு எத்தனை குடம் எடுத்தாரோ."

"என் காலத்தில் இப்படி ஒரு நாள் நடந்ததா? சொல்லு. ஒரு குடமாவது நான் கூடுதலாக எடுத்திருப்பேனா?"

"எடுத்திருக்க மாட்டீங்க."

"பின்னே?"

"எங்களுக்கு என்னத்தத் தெரியும்? பலகையைத்தானே பார்த்துக்கிட்டு நின்னோம். நம்பினோம்." குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நம்புறதைத் தவிர வேற என்ன வச்சிருந்தீங்க எங்களுக்கு?"

அவர் நந்தவனத்து வழியாகத் திரும்பினார். நந்தியாவட்டையும் அரளியும் பளிச்சென்று நின்றன. அடியில் மண் கறுத்து நனைந்திருந்தது. எட்டுக் குடத்துக்குக் குறையாது.

கல்லுச்சாமி அதே அம்மியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவனிடம் போய்க் கொடுத்தீர்களே சாமி! ஒரே நாளில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான்."

"எதைக் கெடுத்தான்?"

"எல்லாவற்றையும்."

"ஜன்னலை அடைத்தது அவனா?"

வைரவநாதன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான்."

"ஊருக்கு முன்னால் மடம் என்றது?"

"நான்தான். ஆனால் பதினோரு குடத்துக்குமேல்..."

"பதினொன்று என்று எழுதிவைத்தீரா?"

"இல்லை. நான் இருக்கும்போது எதற்கு எழுத வேண்டும்?"

கல்லுச்சாமி அம்மியில் ஊதினார். தூள் பறந்தது.

"நீர் வாசலைத் திறந்துவைத்தீர். அவன் நுழைந்தான். அது ஒன்றுதான் அவன் செய்தது. முத்துவீரன் குடம் என்ன ஆயிற்று?"

"வெறுங்குடம்."

"உம் அறையில் ஒன்று நிறைந்திருக்குமே."

போய்ப் பார்த்தார். இருந்தது. கழுத்துவரை நிரப்பி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. உமாபதி முறையை மறக்கவில்லை.

அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். முத்துவீரன் வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்தார். மடத்துச் சமையலறையிலிருந்து இன்னொரு குடம் எடுத்தார். எட்டு வீட்டுக்கு எட்டு நடை. கடைசி நடை சடச்சி வீடு.

"தோள் வீங்கியிருக்கே" என்றாள் அவள். "நாளைக்கும் வரிசைக்கு வருவீங்களா?"

"வருவேன்."

"அப்ப நாளைக்கும் மழைதான்."

அன்று மடத்தில் அடுப்பு மூட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உமாபதி மட்டும் மூன்று தடவை சமையலறைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

மத்தியானம் வைரவநாதன் குருவின் சுத்தியலை எடுத்துக்கொண்டு சுனையறைக்குப் போனார். பலகையைப் பெயர்க்க வெகுநேரம் ஆயிற்று. உறுதியாகச் செய்திருந்தார். பட்டியலையும் பலகையையும் சேர்த்து விறகுக் கொட்டகையில் போட்டார். கம்பி வழியாக வெளிச்சம் நேராகத் தண்ணீரில் விழுந்தது. அடிக்கல் தெரிந்தது.

முதலில் எட்டிப் பார்த்தது குரங்கு.

சாயங்காலம் குருவிடம் வந்தார். உமாபதியிடமிருந்து வாங்கிய சாவி கையில் இருந்தது. அதை அம்மிமேல் வைத்தார்.

"இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது" என்றார் கல்லுச்சாமி.

"வேண்டாம் சாமி."

"உமக்கு வேண்டும் என்றால் ஆயுசு முழுக்க. வேண்டாம் என்றால் இன்றைக்கே. தவணை என்று ஒன்று இருக்கிறது ஓய். எடும்."

வைரவநாதன் சாவியை எடுத்துக்கொண்டார்.

"மேல்பாறை வாய்க்கால்?"

"வெட்டுகிற இடத்தை அடுத்து வருகிறவனுக்குக் காட்டும்."

"உமாபதி வந்தால்?"

"அவனுக்கும் காட்டும். ஜன்னல்தான் திறந்திருக்கிறதே. சடச்சி பார்த்துக்கொள்வாள்."

"குரங்கு வருகிறது."

"விரட்டும்."

மலைமேல் வெயில் சாய்ந்தது. வைரவநாதன் எழுந்தார், போகவில்லை.

"ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். பதினோரு மாதம் என் குடத்துக்குமேல் ஒரு சொட்டுத் தண்ணீரை நான் தொட்டதில்லை. ஒரு வீட்டை விட்டதில்லை. கடைசியில் நானும் கெட்டவன்தானா சாமி?"

கல்லுச்சாமி உளியைக் கீழே வைத்தார்.

"கெட்டவன் அந்த ஜன்னலை அடைத்திருந்தால் அன்றைக்கே சடச்சி கல்லெடுத்துப் பலகையைப் பிளந்திருப்பாள். நீர் நல்லவர். அதனால் ஒருத்தரும் கேட்கவில்லை."

அம்மியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானும் கேட்கவில்லை."