ஏழாம் நம்பர் சட்டை

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சிங்கராயனுக்கு ஐம்பத்திரண்டு. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேடம் என்பார். குரு, சீடர் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேருக்குமே வெட்கம்.

வேலை இதுதான். கல்லூரிகளில் கால்பந்து ஆடுகிற பெண்பிள்ளைகளைப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் எந்தப் பிள்ளை நாளைக்குப் பெரிய கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுவாள் என்று கண்டுபிடித்து, பேரை எழுதி அனுப்ப வேண்டும். ஜெசிந்தா அனுப்பியதில் ஒன்பது பேர் இப்போது ஆடுகிறார்கள். சிங்கராயன் இதுவரை அனுப்பியது ஒரே பேர்தான். அந்தப் பிள்ளை மூன்றே வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது.

இந்த வருஷம் கிளப்காரர்கள் அவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். திருச்செந்தூர் ரோட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் போட்டி. ஆறு கல்லூரிகள் ஆடுகின்றன. அதிலிருந்து ஒரு பேர், ஒரே ஒரு பேர், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் வர வேண்டும். இதுவும் தப்பாகப் போனால் இனிமேல் நீங்கள் அலைய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

வரும்போது பஸ்ஸில் சிங்கராயன் கேட்டார்.

"போன தடவை நான் எங்க தப்புனேன் மேடம்?"

"ஆளைப் பாத்தீங்க அண்ணே. ஆட்டத்தைப் பாக்கல."

உண்மைதான். போன தடவை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். ஓலைக் கூரை. அம்மா சாளைமீன் குழம்பு ஊற்றினாள். சாப்பிடும்போதே பேரை எழுதிவிட்டார்.

அதனால் இந்தத் தடவை ஒரு முடிவோடு வந்தார். யார் பக்கத்திலும் போவதில்லை. முகம் பார்ப்பதில்லை. பேர் கேட்பதில்லை. முதுகில் இருக்கிற நம்பரை மட்டும் பார்ப்பது. மைதானத்தின் அந்தக் கோடியில், உடைமரத்து நிழலில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம். சனிக்கிழமை காலையில் ஒரு ஆட்டம். இரண்டிலும் நீலச் சட்டைக் கல்லூரியின் ஏழாம் நம்பரை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

முதல் பாதியில் எழுதினார்: இடது கால். பந்தோடு ஓடும்போது காற்று மாதிரி போகிறாள்.

இரண்டாம் பாதியில் எழுதினார்: வலது காலும் உண்டு! அடி பலமாக விழுகிறது.

ஆட்டம் முடிந்ததும் எழுதினார்: களைப்பே இல்லை. கடைசி நிமிஷத்திலும் முதல் நிமிஷம் மாதிரி ஓடுகிறாள். முப்பது வருஷமாகக் கால்பந்து பார்க்கிறேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

தாளை மடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஜெசிந்தாவிடம் வந்தார். அவள் இந்தப் பக்கம் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடி முடித்த பிள்ளைகளுக்கு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம்."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

"பேரு?"

"பேரு கேக்கல. ஏழாம் நம்பர்."

"பக்கத்துல போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க."

"நீங்கதான மேடம் ஆளைப் பாக்காதீங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். போயிட்டு வாங்க."

சிங்கராயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனார்.

கல்லூரி வேனுக்குப் பின்னால் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏழாம் நம்பர் யாரும்மா?"

இரண்டு கை உயர்ந்தன.

"ஒரு ஆள்தான் வேணும்."

"ஏழுதான சார்? நாங்கதான்" என்றாள் குட்டையாக இருந்தவள். அவள் பேர் மாரிசெல்வி. பக்கத்தில் இருந்த நெட்டை ஜெபராணி. இரண்டு பேரும் முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து உயர வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

"அது எப்படிம்மா ரெண்டு பேரு?"

"கோல்கீப்பர் சட்டை போக, நீலச் சட்டை பத்துதான் சார் இருக்கு. வெளிய இருக்கவளுக்குச் சட்டை கிடையாது. உள்ள எறங்கணும்னா வெளிய வாறவ கழட்டிக் குடுக்கணும். முதப் பாதி இவ, ரெண்டாம் பாதி நான். ஆள் மாத்துறோம்னு மேசையில சீட்டு எழுதிக் குடுத்துருவோம். வேனுக்குப் பின்னால வந்து மாத்திக்கிடுவோம்" என்றாள் மாரிசெல்வி.

"அந்த வேர்வைச் சட்டையவா?"

"புழிஞ்சிட்டுத்தான் போடுவா சார்" என்றாள் ஒருத்தி.

"எதுக்குப் புழியணும்? இவ வேர்வை பன்னீருல்லா" என்றாள் மாரிசெல்வி.

ஜெபராணி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிங்கராயனும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

திரும்பி வந்தார்.

"மேடம், நான் பாத்த மாதிரி ஒரு ஆளே கிடையாது."

"பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே."

"ரெண்டு பேரை ஒரு ஆளுன்னு பாத்திருக்கேன்."

"அப்ப ரெண்டு பேரு இருக்காங்க. நல்லதுதான?"

"ஒரு பேருதான மேடம் அனுப்ப முடியும்! இடது கால்காரி முதப் பாதி மட்டும் ஆடுறா. முழுசும் தாங்குவாளான்னு எனக்குத் தெரியாது. வலது கால்காரி எறங்கும்போது எதிராளி பாதி செத்துப்போய் நிக்கிறா. முழுப் பலத்தோட நிக்கிறவகிட்ட இவ நிப்பாளான்னும் தெரியாது. ரெண்டு நாளு உக்காந்து பாத்து எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

ஜெசிந்தா அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

"மூணு மணிக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு. ரெண்டு பேரையும் சேத்து எறக்கச் சொல்லிப் பாருங்க."

யார் சட்டையையும் கழற்றச் சொல்ல மனசில்லாமல், சிங்கராயன் பஸ் ஸ்டாப் கடையில் போய் ஒரு நீல டீ-சர்ட் வாங்கினார். மருந்துக் கடையில் வெள்ளைப் பிளாஸ்திரி வாங்கி, கிழித்துக் கிழித்து முதுகில் பதினாலு என்று ஒட்டினார். நாலு கோணலாகப் போய்விட்டது. அந்தக் கல்லூரியின் பி.டி. மிஸ்ஸிடம் கெஞ்சிக் கேட்டு, இன்னொரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டு ஜெபராணியையும் மாரிசெல்வியையும் ஒன்றாக இறக்கினார். இந்தத் தடவை கோட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஓடினார்கள். ஏழாம் நம்பரின் இடம் எதுவோ அது இரண்டு பேர் காலுக்கும் பழகியிருந்தது. இரண்டு தடவை முட்டிக்கொண்டு விழுந்தார்கள். அப்புறம் முட்டிவிடக் கூடாது என்று, நல்ல பந்து ஒன்று வந்தபோது அவள் எடுப்பாள் என்று இவளும், இவள் எடுப்பாள் என்று அவளும் நின்றுவிட்டார்கள். பந்து தானாக உருண்டு வெளியே போனது.

இரண்டு கோலில் தோற்றார்கள்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டீங்களே சார்" என்று பி.டி. மிஸ் சிங்கராயனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மணி நாலே முக்கால். சிங்கராயன் ஜெசிந்தாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், காலையில ஒருத்தி இருந்தா. மத்தியானம் ரெண்டு பேரு இருந்தாங்க. இப்ப ஒருத்தியுமே இல்லை."

ஜெசிந்தா பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"என்னத்த?"

"யாரை அனுப்பலாம்னு."

"ஆடுறவங்ககிட்டயேவா? அதெப்படி மேடம்? கேட்டா ஆளாளுக்கு என்னைய அனுப்புங்கன்னுதான் சொல்லும்."

"கேட்டதுண்டா?"

முப்பது வருஷமாக ஆட்டம் பார்க்கிறவர் ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து போனார்.

ஜெபராணி வேன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பேருதான் அனுப்ப முடியும் பிள்ளை. யாரை அனுப்பலாம்? நீயே சொல்லு."

"மாரிசெல்விய அனுப்புங்க சார்."

யோசிக்கக்கூட இல்லை. சிங்கராயன் திகைத்துப்போனார்.

"உனக்கு ஆசை இல்லையா?"

அவள் சாக்ஸை இழுத்தாள். அது வரவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

"இருக்கு சார்."

"அப்புறம்?"

"நீங்க கேட்டது யாரை அனுப்பலாம்னுதான?"

சாக்ஸை உருவி ஷூவுக்குள் திணித்தாள்.

மாரிசெல்வி குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடமும் அதையே கேட்டார்.

"என்னைய அனுப்புங்க சார்."

இவளும் யோசிக்கவில்லை. சிங்கராயனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஜெபராணி யார் பேரைச் சொன்னான்னு தெரியுமா உனக்கு?"

"எம்பேரைச் சொல்லியிருப்பா."

"எப்படித் தெரியும்?"

மாரிசெல்வி குழாயை அடைத்தாள்.

"காலேஜுல சேந்த புதுசுல மூணு மாசம் நான் தண்ணி பாட்டில்தான் சார் தூக்குனேன். ஜெபராணி பிராக்டிஸ்ல என்னைய உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருப்பா. எனக்கே பயமா இருக்கும், என்னட்டி இப்படிப் பாக்கான்னு. ஒருநாள் இடைவேளையில வந்து, முட்டு வலிக்கி, இந்தா நீ போடுன்னு சட்டையக் கழட்டிக் குடுத்தா. அன்னையிலருந்து மூணு வருஷமா எல்லா மேட்ச்லயும் இடைவேளையானா அவளுக்கு முட்டு வலி வந்துரும்."

"நெசமாவே வலியா?"

"வலிக்கவளா சார் தினசரி காலேஜ் பஸ்ஸ வெரட்டிப் பிடிக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய முகம்தான்.

"அவளை விட்டுட்டு நீ போறது உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும் சார். ஆனா கேட்டீங்கன்னா என்னைய அனுப்புங்கன்னுதான் சொல்லுவேன்."

சிங்கராயன் வேலிப் பக்கம் போய்த் தனியாக நின்றார். ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். பாதியில் கீழே போட்டார். தாளை எடுத்து, காலையில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, அடியில் ஒரு பேரை எழுதினார். ஜெசிந்தாவிடம் வந்தபோது மணி ஐந்தரை. அவர் கண் சிவந்திருந்தது.

"எழுதிட்டேன் மேடம்."

"யாரு?"

"ஜெபராணி."

ஜெசிந்தா காலி பாட்டில்களைச் சாக்குப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"சொல்லுங்க."

"இதுல சொல்ல என்ன மேடம் இருக்கு? ஒரு பிள்ளை மூணு வருஷமா எல்லா ஆட்டத்துலயும் பாதிய விட்டுக் குடுத்திருக்கு. இன்னைக்கு முழுசையுமே விட்டுக் குடுக்குது. ஆசை இருக்குன்னு சொல்லிக்கிட்டே விட்டுக் குடுக்குது மேடம். அவ்வளவு பெரிய மனசுக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கணும்? அந்தக் குட்டப்பிள்ளை என்னைய என்னையன்னு நிக்கிது. இதை வச்சே தெரியலையா?"

"அவகிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

"யாரை அனுப்பலாம்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"மாரிசெல்விய அனுப்புங்கன்னு சொன்னா."

ஜெசிந்தா பையின் வாயைக் கட்டினாள். சிங்கராயன் கையில் தாளோடு நின்றார். சட்டைப் பையில் போன் அடித்தது. கிளப்காரர்கள்தான். அவர் எடுக்கவில்லை.

"என்ன மேடம்?"

அவள் நிமிர்ந்தாள்.

"மூணு வருஷமா பக்கத்துலயே நின்னு ஆட்டத்தைப் பாத்தவ ஒரு பேரு சொல்லியிருக்கா அண்ணே. நீங்க அதப் பெரிய மனசுன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க."