மயிலுக்கு முன்னால் நின்ற ஊர்

முன்னொரு காலத்தில், போர் ஓய்ந்துபோன ஒரு நாட்டில், பொழுது போகாத ஓர் அரசன் இருந்தான். நாட்டின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கம்பெடுத்துக்கொண்டு வருவார்கள். சொல்லாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர் என்று நினைத்துச் சிரிப்பார்கள். எதற்கு வம்பு?

அரசனின் பெயர் ரணதீரவர்மன். ரணமெல்லாம் பெயரோடு சரி. ஒருநாள் கடல் வணிகன் ஒருவன் அணில்மயிர்த் தூரிகைகளையும் வண்ணப் பொடிகளையும் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனான். மறுநாளே அரசன் ஓவியனாகிவிட்டான். மற்றவர்கள் ஓவியர் ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் விரல் தேய வேண்டும். அரசர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆளுயரப் பலகை ஒன்றில் மயில் வரைந்தான். பட்டத்தரசி வந்து பார்த்தாள். "எருமை நன்றாக வந்திருக்கிறது, சுவாமி" என்றாள். அன்று மாலையே அவளைத் தாய்வீட்டுக்குப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அரசி போனாலும் அரசவை இருந்தது. அதில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் சந்தானராயர். நகரத்துச் சித்திர மண்டபத்துக்கு அதிகாரி. எந்தப் படம் எந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்று தீர்மானிப்பவர். அவர் மைத்துனர் வரைந்த வாழைக்குலை ஆண்டுதோறும் முகப்புச் சுவரில் தொங்கும். மைத்துனருக்கு வேறெதுவும் வரையத் தெரியாது, வாழைக்குலையும் தெரியாது. இன்னொருவர் ரசனைப் பண்டிதர் வேதபுரியார். ஒரு படத்தைப் பற்றி அவர் பேசி முடித்ததும், அதுவரை அது புரிந்திருந்தவர்களுக்கும் புரியாமல் போய்விடும். அப்பேர்ப்பட்ட புலமை.

மயிலைப் பார்த்த ராயர் கண்ணீர் விட்டார். பண்டிதரோ, "மன்னா, இது மயில் அன்று, மயில் என்னும் எண்ணத்தின் எண்ணம்" என்றார். அரசன் உச்சி குளிர்ந்துபோனான்.

ஆண்டுதோறும் தைமாதம் சித்திர மண்டபத்தில் உள்ளூர் ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி நடக்கும். 'உள்ளூர் ஓவியர்கள்' என்பது பெயரளவில்தான். முகப்பும் நடுக்கூடமும் ராயரின் உறவினர்களுக்கு. மற்றவர்களுக்குத் தூண்களுக்குப் பின்னால், விளக்கெண்ணெய்க் குடங்கள் அடுக்கிய மூலை. இந்த ஆண்டு நடுக்கூடத்தின் கிழக்குச் சுவர் முழுவதும் அரசனின் மயிலுக்கு. எதிரே இருந்த மேற்குச் சுவரில் ஒரு படமும் இல்லை. எதிரில் இன்னொரு படம் இருந்தால் மயிலின் கவனம் சிதறும் என்று ராயர் அதை வெறுமையாகவே விட்டிருந்தார்.

கண்காட்சி திறந்த அன்று அரசன் பட்டுடுத்தி மயிலின் அருகே வந்து நின்றான். மக்கள் வந்தார்கள். அரசனைக் கும்பிட்டார்கள். மயிலைப் பார்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகத் தூண்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அங்கே ஒருவர் வரைந்த சண்டைக்கிடாவையும், இன்னொருவர் வரைந்த சந்தைக் கூட்டத்தையும் எண்ணெய்க் குடங்களைத் தாண்டித் தாண்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கமிருந்து ஒரே சிரிப்பும் பேச்சும். நடுக்கூடத்தில் அரசன், ராயர், பண்டிதர், ஒரு புறா. சற்று நேரத்தில் புறாவும் போய்விட்டது.

அரசவை கூடியது. அரசனின் முகம் சுருங்கிக் கிடந்தது.

"மன்னா, இது தற்செயல் அன்று. உள்ளூர் ஓவியர்கள் செய்த சதி" என்றார் ராயர். "அவர்களுக்குப் பின்னால் இருந்து தூண்டிவிடுபவர் இந்த அவையிலேயே இருக்கிறார்." சொல்லிவிட்டுச் சடையாண்டியைப் பார்த்தார்.

சடையாண்டி அந்த அவையின் விகடன். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. உள்ளூர் ஓவியர்களோடு உட்கார்ந்து பழங்கஞ்சி குடிப்பது அவன் பழக்கம். ராயருக்கு அவனுடைய வேலையும் பிடிக்காது, பழக்கமும் பிடிக்காது.

"அப்படியானால் சடையாண்டியே கூட்டத்தைக் கொண்டுவரட்டும்" என்றார் பண்டிதர். "இயலாவிட்டால் அவனைக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விடலாம். உள்ளூர் ஓவியர்களுக்கும் தூரிகை எதற்கு? கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேவைப்படுகிறது."

"காவலரை வைத்து மக்களை இழுத்துவரக் கூடாது. பொன் கொடுக்கக் கூடாது. சோறும் போடக் கூடாது" என்று ராயர் ஒவ்வொரு வாசலாக அடைத்தார்.

அரசன் தலை நிமிர்ந்தான். "சடையாண்டி! நாளைக் காலை முதல் மாலைவரை, நம் மயிலுக்கு முன்னால் மக்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். இது நம் ஆணை."

"மயிலுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதானே, மன்னா?"

"அவ்வளவே."

சடையாண்டி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். கழுதையைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அரசவையில் இத்தனை நாள் இருந்தவனுக்குக் கழுதைகள் புதிதல்ல. ஆனால் தன்னால் அத்தனை ஓவியர்கள் கையிலும் சுண்ணாம்பு மட்டை ஏறிவிடுமே என்பதுதான் கவலை.

நேரே செங்கமலத்தின் வீட்டுக்குப் போனான். செங்கமலம் கூத்துக்குத் திரைச்சீலையில் படம் எழுதுகிறவள். போன தேர்த் திருவிழாவை, ஊர்சனம் மொத்தத்தோடும் ஒரு பெரிய துணியில் எழுதி வைத்திருந்தாள். கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, "துணி பெரிது, மண்டபம் சிறிது" என்று ராயர் திருப்பி அனுப்பியிருந்தார்.

நடந்ததைக் கேட்டதும் அவள் கையிலிருந்த தூரிகையைத் தண்ணீரில் போட்டாள்.

"ஏண்ணே, அந்த ஆளுக்கு மயிலு வரையத் தெரியலன்னா நாங்க சுண்ணாம்பு அடிக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

"நம்ம ஊரு நியாயந்தான் தாயி. உன் தேர்த்துணியக் குடு. நாளைக்கு மேற்குச் சுவத்துல கட்டிப்புடுவோம்."

"ராயரு விடுவாரா?"

"அவரு வாயாலயே கட்டச் சொல்ல வைக்கிறேன், பாரு."

சடையாண்டி ராயரிடம் போய்க் கைகட்டி நின்றான். "ஐயா, மேற்குச் சுவரின் பலகணி வழியாக வெயில் நேராக மயில்மேல் விழுகிறது. அங்கே ஒரு திரைத்துணி கட்டினால் நல்லது. இல்லாவிட்டால் சாயம் வெளுத்துவிடும்."

தோற்கப்போகிறவன் துணி கட்டினால் என்ன, தோரணம் கட்டினால் என்ன என்று ராயர் நினைத்தார். "கட்டு, கட்டு. சாயம் வெளுக்கவே கூடாது" என்று ஆணை எழுதி முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

விடிந்ததும் துணி ஏறியது. மண்டப வாசலில் தயிர் விற்க வந்த பரிமளம்தான் முதலில் பார்த்தாள்.

"அடியாத்தி! இது நான்! என் மூக்குத்திகூட இருக்குடி!"

அவள் போட்ட சத்தத்தில் சந்தையே எழுந்து வந்தது. அதற்குமேல் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. "அந்தா வடம் புடிக்கிறது எங்க மாமா!" "புடிக்கலடா, புடிக்கிற மாதிரி நடிக்கிறாரு, நல்லாப் பாரு." "வாய்க்கால் ஓரமா ஒருத்தன் தூங்குறானே, யாரு?" "நம்ம தலையாரி." "செருப்புத் தொலச்சிட்டுத் தேடுறது நீதான?" "யம்மா, அத ஏன் எழுதுன செங்கமலம்!"

நடுக்கூடம் அகலம் குறைந்தது. துணியோ சுவர் முழுக்க விரிந்தது. அதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். பின்னால் நகர்ந்தால் கிழக்குச் சுவர். ஆக, ஊர் முழுவதும் மயிலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றது. இடம் பிடித்தவர்கள் மதியச் சோற்றுக்குக்கூட நகரவில்லை.

மாலையில் அரசன் ராயரோடும் பண்டிதரோடும் வந்தான். வாசலிலேயே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தான். மயிலின் கொண்டைவரை தலைகள். அரசன் முகம் மலர்ந்தது. ராயரின் முகத்தில் ஈயாடவில்லை.

"சடையாண்டி, வென்றுவிட்டாய்!" என்று கூவிக்கொண்டு அரசன் உள்ளே நுழைந்தான். கூட்டம் பதறி விலகியது. அப்போதுதான் அவன் கண்டான். ஒருவர்கூட மயிலைப் பார்த்து நிற்கவில்லை. அதுமட்டுமா? ஒவ்வொருவர் முதுகிலும் நீலம்! மற்ற ஓவியர்கள் ஒரு கரண்டி எண்ணெய் சேர்க்கும் வண்ணத்தில் அரசன் ஒரு குடம் சேர்த்திருந்தான். போதும் என்று சொல்ல யாருக்குத் துணிவு? வண்ணம் காயவேயில்லை. தோகையில் பாதி ஊராரின் முதுகில் இருந்தது.

"என்ன இது!" அரசன் குரல் மண்டபத்தை அதிரவைத்தது. "நம் ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களே!"

"மன்னா, மயிலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தாங்கள் அருளவில்லையே" என்றான் சடையாண்டி. "மேலும், எந்த ஓவியனின் படைப்பை மக்கள் இப்படி முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்?"

"சூழ்ச்சி!" என்று கத்தினார் ராயர். "இந்தத் துணியைக் கட்டியவன் யார்?"

"தங்கள் முத்திரைதான், ஐயா. சாயம் வெளுக்கவே கூடாது என்றீர்கள்."

அரசன் வாளின் பிடியில் கை வைத்தான். துணியைக் கிழிக்க இரண்டு எட்டு வைத்ததும் செங்கமலம் குறுக்கே வந்து நின்றாள்.

"கிழிக்கிறதுன்னா கிழிங்க மகாராசா. உங்க ஊரு, உங்க மண்டபம். ஆனா ஒரு தடவ பாத்துட்டுக் கிழிங்க. பாக்காமலே தூக்கிப் போடுறதுக்குத்தான் ராயரு இருக்காரே."

அரசன் வேண்டாவெறுப்பாகத் துணியை நிமிர்ந்து பார்த்தான்.

தேர். வடம். சனம். நடுவே யானைமேல் அரசன். ஊரே தேரைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அரசன் மட்டும் கீழே ஒரு கிழவி கூடையில் வைத்திருந்த சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை பார்க்கிற பார்வை.

அரசனின் கை வாளிலிருந்து நழுவியது. தேர் நிலைக்கு வரும்வரை அரசர் பச்சைத் தண்ணீரும் பருகக் கூடாது என்பது சாத்திரம் என்று அன்று பண்டிதர் சொல்லியிருந்தார். ராயர் அதை ஆமோதித்திருந்தார். தேரோ மாலைவரை நகரவில்லை.

"அன்று நமக்குப் பசித்தது" என்றான் அரசன் மெல்ல. "யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்தோம்?"

"எனக்குத் தெரிஞ்சுது மகாராசா. யானைக்குக் கூடக் கரும்பு குடுத்தாங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் குடுக்கல. பாவமா இருந்துச்சு. எழுதிட்டேன்."

அரசன் இன்னும் கிட்டப் போனான். யானையின் வாலருகே, தூண்போன்ற கால்களின் மறைவில், இரண்டு பெரியவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் மந்தாரை இலைப் பொட்டலம். இன்னொருவரின் கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பியிருந்தது.

"ராயரே, உம் கையில் என்ன?"

"அது... நிழல், மன்னா."

"பண்டிதரே, உம் கன்னத்தில்?"

"உப்பிய கன்னம் என்பது ஒரு குறியீடு, மன்னா. அகத்தின் நிறைவைப் புறத்தே..."

"கடலைச் சுண்டல்தான் சாமி அது!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து பரிமளம் கத்தினாள். "சுண்டக்காரப் பாட்டிக்கு நான்தான் அன்னிக்கு இலை மடிச்சுக் குடுத்தேன். இவங்க ரெண்டு பேரும் ரெண்டாவது தடவையும் வாங்கினாங்க!"

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. எல்லார் கண்ணும் அரசனிடம் ஓடியது. அரசனின் மீசை துடித்தது. உதடு துடித்தது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனும் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேவிட்டான்.

உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னான். செங்கமலத்தின் துணி அந்தச் சுவரிலேயே இருக்கும். இனி எந்தச் சுவர் யாருக்கு என்பதை வரைகிறவர்களே கூடிப் பேசி முடிவு செய்வார்கள். கோட்டைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும் என்று பண்டிதர் கவலைப்பட்டாரே, அந்தக் கவலையும் தீர்ந்தது. ஒன்றுக்கு இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். சடையாண்டியை அருகே அழைத்துத் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

"வேறு என்ன வேண்டும், கேள்!"

"மன்னா, கூட்டத்துக்குச் சோறு போடக் கூடாது என்று ஆணை. அரசருக்குப் போடக் கூடாது என்று ஆணை இல்லை" என்றான் சடையாண்டி.

சுண்டல் கூடையே வந்தது. அரசன் அந்தத் துணியின் முன்னால், நீல முதுகுக்காரர்களுக்கு நடுவே சம்மணமிட்டு, இலையில் வாங்கி வாங்கித் தின்றான். தின்றுகொண்டே படத்தைப் பார்த்தான், பார்த்ததும் மறுபடி சிரிப்பு வந்தது, சிரிப்பில் புரையேறியது. கண்ணில் நீர் முட்ட இருமினான். அரசன் தலையில் தட்ட யாருக்குத் துணிவு வரும்? காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செங்கமலம்தான் எழுந்து வந்து உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"யாரோ உங்கள நெனைக்கிறாங்க மகாராசா."

"தங்கள் ஆட்சியில் இதுதான் முதல்முறை, மன்னா" என்றான் சடையாண்டி.

அதற்கும் அரசன் சிரித்தான். இன்னொரு முறை புரையேறியது.