ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவர்

மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இன உறவு ஆய்வு நிலையத்தில் குணசீலன் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புதிய ஊரில் வாடகைக்கு அறை தேடி அலைந்தபோது பட்ட அவமானம் அவருக்கு ஆறவே இல்லை. அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

விளம்பரம் கொடுத்திருந்த வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தம் தமிழ்ப் பெயரைச் சொல்லி அறை கேட்பார். ஆள் வந்தாச்சு என்பார்கள் பெரும்பாலும். சற்று நேரம் கழித்து நண்பர் டான் தம் சீனப் பெயரைச் சொல்லி அதே வீட்டை அழைப்பார். வந்து பாருங்கள் என்பார்கள்.

வழிகாட்டியான பேராசிரியர் ஜைனப்பிடம் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் குணசீலன் கேட்டார்.

“இதை எங்கேருந்து மாத்த ஆரம்பிக்கறது, டாக்டர்?”

“யாருமே சரின்னு சொல்லலையா?”

“சில பேர் சொன்னாங்க. மிஸஸ் லிம்னு ஒரு சீன அம்மா, ஞாயித்துக்கிழமை சாமானோட வந்துடுங்கன்னாங்க.”

“போனீங்களா?”

“எனக்குத்தான் இப்ப வீடு இருக்கே. ஆய்வுக்காகக் கேட்டதுதானே.”

“வரலைன்னு சொன்னீங்களா?”

“சொல்லலை,” என்றார் குணசீலன். ஜைனப் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கதவைத் திறந்த மிஸஸ் லிம், பெயரைக் கேட்டதும் குணசீலனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அன்றைக்கு இருட்டும்வரை காத்திருந்தேன்,” என்றார் மலாயில். “உங்கள் ஆட்களே இப்படித்தான் என்றான் என் மகன். வழியில் ஏதாவது ஆகியிருக்கும் என்று அவனோடு சண்டை போட்டேன்.”

அறையைக் காட்டினார். கட்டிலில் புது விரிப்பு. சாமி படம் வைத்துக்கொள்ள மூலையில் ஒரு பலகைகூட அடித்திருந்தார்.

குணசீலன் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“அப்படியென்றால் உங்களுக்கு அறை வேண்டாம்.”

“வேண்டாம். வேறு தமிழர்கள் யாராவது கேட்டால்...”

“நேற்று ஒரு தமிழ்ப் பெண் கேட்டாள். ஆள் வந்தாச்சு என்று சொல்லிவிட்டேன்.”

“அவரைத் திரும்ப அழைக்க முடியுமா?”

“நம்பர் இருக்கிறது,” என்றார் மிஸஸ் லிம். “மனசுதான் வரவில்லை.”

காரில் திரும்பும்போது குணசீலன் சொன்னார்.

“ஆய்வை விட்டுடறேன், டாக்டர்.”

“வேண்டாம். சரின்னு சொன்ன மத்த வீட்டுக்கெல்லாம் நாளைக்கே போயிட்டு வாங்க.”

“முடியாதுன்னவங்கதானே அதிகம். அவங்ககிட்ட போக வேண்டாமா?”

“அவங்க யாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலையே,” என்றார் ஜைனப்.