சரிவில் நின்ற கார்

எங்கள் மலையடிவார ஒர்க்‌ஷாப்பில் குரு மெர்சிக்கு வயது முப்பத்து நாலு. சீடர் தங்கப்பழத்துக்கு ஐம்பத்தொன்று. மில்லை மூடிய பிறகு தொழில் கற்க வந்தவர். ஸ்பேனர் பிடித்ததைவிட அவர் கேள்வி கேட்டதுதான் அதிகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய பழைய கார் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் மனைவி சுகந்தி முகமெல்லாம் வீங்கிச் சாய்ந்து கிடந்தார். ஒன்பதரைக்கு டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அப்போதே மணி எட்டே முக்கால்.

“மாஸ்டர், வண்டியில டக்டக்னு சத்தம் வருது. ஒரே வார்த்தையில சொல்லுங்க. சிந்தெட்டிக் ஆயில் ஊத்தவா, மினரல் ஆயில் ஊத்தவா?”

மூன்று மாதமாக இதே கேள்வி. கேட்டுக் கேட்டு, கூட வேலை பார்க்கும் எனக்கே காது புளித்துவிட்டது.

“உள்ள ஆயில் இருக்காண்ணே?”

“தினமும் காலையில அளவு பாக்குற கம்பியை எடுத்துப் பாக்குறேன். ஃபுல்லா இருக்கு.”

“இஞ்சினை அணைங்க.”

“அணைச்சா திரும்பக் கிளம்பாது! பேட்டரி செத்து மூணு மாசமாச்சு. வீட்டுச் சரிவுல நிறுத்தி, உருட்டி விட்டுத்தான் கிளப்புறேன்.”

மெர்சி ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் நின்றது.

“அடிப்பாவி!” என்று குருவைப் பார்த்தே கத்திவிட்டார் தங்கப்பழம்.

“அஞ்சு நிமிஷம். எண்ணெய் கீழ இறங்கட்டும்.”

“அதுக்குள்ள மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க! இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

மெர்சி பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். சுகந்திக்கு மூச்சு இரைப்பது வெளியே நின்ற எனக்கே கேட்டது. எனக்கும் மெர்சி மேல் கோபம்தான்.

ஐந்து நிமிடம் ஆனதும் அவள் கம்பியை உருவித் துடைத்தாள். மறுபடி விட்டு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனியில் ஒரு சொட்டு இல்லை.

“காலையிலகூட ஃபுல்லா காட்டுச்சே மாஸ்டர்!”

“உருட்டிக் கிளப்பணும்னு நீங்க நிறுத்துற வீட்டுச் சரிவுல எண்ணெயெல்லாம் கம்பிப் பக்கம் ஓடி வந்து நிக்கும்ணே. இங்க தரை சமம்.”

தங்கப்பழம் அப்படியே டயர் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

மெர்சி கைக்குக் கிடைத்த ஆயில் கேனைத் திறந்து ஊற்றினாள். அவர் பதறி எழுந்தார்.

“ஐயோ, உள்ள இருக்கறது மினரல். இது சிந்தெட்டிக். கலக்கலாமா?”

“அவசரத்துக்குக் கலக்கலாம். இஞ்சினைக் காய விடத்தான் கூடாது.”

நானும் மெர்சியும் காரைத் தள்ளினோம். இரண்டு முறை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. டக்டக் சத்தம் இல்லை. மணி ஒன்பது. வேகமாகப் போனால் சேர்ந்துவிடலாம்.

தங்கப்பழம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“மாஸ்டர், அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது எதை ஊத்தட்டும்?”

“முதல்ல பேட்டரியை மாத்துங்கண்ணே” என்றாள் மெர்சி.